அடிபம்பு யாருடைய சொத்து?

குடிநீரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் நீர் இல்லாத ஊர்களைப் பற்றியே எழுதுகின்றனர். அது நியாயமே. 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 220 கோடி மக்கள் பாதுகாப்பான குடிநீர் வசதியின்றி இருந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனமும், யுனிசெப் எனப்படும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியும் சேர்ந்து கணக்கிட்டன. ஆயினும் இத்தகைய கணக்குகளில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சாரார் உண்டு. அவர்கள் நீரைப் பெற்றுப் பின்னர் இழந்தவர்கள். ஊருக்கு ஆழ்குழாய்க் கிணறு வந்தது, பம்பு பொருத்தினார்கள், மாலை சூட்டித் திறப்பு விழா நடத்தினார்கள். இரண்டு கோடை கழிந்தது. ஒரு நாள் பம்பு நின்றது. பழுது பார்க்க எவரும் வரவில்லை. பெண்கள் மறுபடியும் பழைய குட்டையை நோக்கிக் குடத்தோடு நடந்தனர்.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆயிரக்கணக்கான கிராமங்களில் நடந்த வரலாறு இது. கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்து, வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இவ்வரலாறு மற்றவரைக் காட்டிலும் எளிதில் விளங்கும். ஏனெனில் இதன் முடிச்சு பெரும்பாலும் நிர்வாகத்தில் விழுந்த முடிச்சு. அதனை அறிவதற்கு நம் நாட்டு அடிபம்பின் கதையை முதலில் அறிய வேண்டும். அக்கதையின் ஒரு பகுதி சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடந்தது என்பது நமக்குப் பெருமையும் ஆகும்.

1966, 67-ஆம் ஆண்டுகளில் பீகாரைக் கொடிய வறட்சி தாக்கிற்று. திறந்த கிணறுகள் வற்றின. தக்காணத்துப் பாறை நிலத்தில் கிணறு தோண்டுவதென்றால் உளியும் வெடிமருந்தும் கொண்டு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். 1967-இல் யுனிசெப் ஸ்தாபனத்தார் காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவிகளை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர். மாதக்கணக்கில் நடந்த வேலையை அக்கருவிகள் சில நாட்களில் முடித்தன. கடினமான கருங்கல்லிலும் துளை இறங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் பல மாநிலங்களில் பல்லாயிரம் துளைக்கிணறுகள் தோன்றின. அவற்றின் மேல் வார்ப்பிரும்பாலான கைப்பம்புகள் பொருத்தப்பட்டன. குடிநீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்றே அனைவரும் எண்ணினர்.

1974-ஆம் ஆண்டில் அப்பம்புகளின் நிலையை ஆராய்ந்தபோது நான்கில் மூன்று பங்கு வேலை செய்யவில்லை என்று தெரிய வந்தது. துளைக்கருவிக்கும் குழாய்க்கும் பம்புக்கும் செலவழிந்த பணமெல்லாம் பூமிக்குள் புதைந்தது போலாயிற்று. துளை போடுவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்கும் அளவுக்கு விஷயம் முற்றியது.

பம்புகள் ஏன் உடைந்தன? அவை ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பயன்பட்டு வந்த பம்புகளைப் பார்த்து வார்க்கப்பட்டவை. ஒரு குடும்பம், சில கால்நடைகள், நாளொன்றுக்குச் சில வாளி நீர் என்ற அளவுக்கே அவை அமைந்தவை. அவற்றை ஓர் ஊர் முழுவதற்கும் நிறுத்தினோம். விடியற்காலை தொடங்கி இருட்டும் வரை, கைப்பிடி ஓயாமல் மேலும் கீழும் ஆடிற்று. வீட்டுக்கு ஒரு தறிக்கு நூல் சுற்றும் இராட்டையைக் கொண்டு நூறு தறிக்கு நூல் சுற்றினால் அது எத்தனை நாள் தாங்கும்? கைப்பிடியின் அச்சாணி தேய்ந்தது; வார்ப்பிரும்பு பிளந்தது. கம்பி கோணலாக இழுபட்டு அறுந்தது.

இதற்கு மாற்று மகாராஷ்டிரத்தில் பிறந்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணற்றுப் பணியில் ஈடுபட்டிருந்த கிறிஸ்தவ மிஷன்களைச் சேர்ந்தவர்கள், வார்ப்பிரும்பை விட்டு எஃகுக்கு மாறினர். சோலாப்பூர் என்றதும் நம் நெசவாளர்களுக்குப் போர்வை நினைவுக்கு வரும். பம்பு உலகிலும் அவ்வூருக்குத் தனி இடம் உண்டு. அங்கே செய்த பம்பில் கைப்பிடியின் முனை வட்டத்தின் ஒரு துண்டு போல் வளைந்திருக்கும். அதன் மேல் ஒரு சங்கிலி படிந்து கிடக்கும். கைப்பிடி எப்படி ஆடினாலும் சங்கிலி நேராகவே தொங்கும். அதில் கட்டிய கம்பியும் கோணாமல் நேராகவே ஏறி இறங்கும். பார்வைக்குச் சிறிய மாற்றம். கம்பி அறுவது இதனாலேயே பெரிதும் குறைந்தது.

சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் ஸ்தாபனமும், சென்னையில் தொழிற்சாலை வைத்திருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குருடாஸ் என்னும் அரசாங்கக் கம்பெனியும் சேர்ந்து புதிய பம்பு ஒன்றை உருவாக்கின. கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆழமான கிணறுகளில் அதனைப் பொருத்தி, ஊரார் நாள் முழுவதும் அடித்துச் சோதித்தனர். நீர் மிகவும் கீழே கிடக்கும் கிணறுகளையே தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. அங்கே தாங்கியது வேறெங்கும் தாங்கும். 'இந்தியா மார்க் 2' என்ற பெயரோடு 1970-களின் பிற்பகுதியில் அது உற்பத்திக்கு வந்தது. 1979-இல் இந்தியத் தரநிர்ணய ஸ்தாபனம் அதன் அளவுகளை நிர்ணயம் செய்து வெளியிட்டது. காப்புரிமை எவரிடமும் இல்லை. அளவு பிசகாமல் செய்யும் எந்தத் தொழிற்சாலையும் அதனைச் செய்யலாம். ஆகவே ஒரு கம்பெனியின் போல்ட்டு இன்னொரு கம்பெனியின் பம்பில் சேர்ந்தது. உதிரிப்பாகம் வாங்க அலைபவருக்கே இதன் அருமை தெரியும். பிற்காலத்தில் நம் நாட்டில் மட்டும் இருபது லட்சத்திற்கு மேற்பட்ட இப்பம்புகள் நிறுவப்பட்டன; ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிற்கும் இது ஏற்றுமதியாயிற்று.

இப்பம்பில் நாற்பது தடவை கைப்பிடியை அழுத்தினால் சுமார் 15 லிட்டர் நீர் வரும். அதாவது ஒரு குடம். கிராமங்களில் 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது அரசாங்கம் வகுத்திருந்த அளவு. கணக்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு 10,000 லிட்டர்; ஏறத்தாழ 27,000 அழுத்தல்கள். எஃகாலான பம்பும் இவ்வுழைப்பில் தேயத்தான் செய்யும். ஆகவே நல்ல பம்பு கிடைத்ததும் கேள்வி மாறியது: தேய்ந்ததை யார் மாற்றுவது?

தமிழ்நாட்டில் 1970-களில் இதற்கு மூன்றடுக்கு முறை ஒன்றை ஏற்படுத்தினர். முதல் அடுக்கில் ஊரிலேயே ஒரு பம்புக் காப்பாளர். போல்ட்டை முடுக்குவதும், சங்கிலிக்கு மசகு இடுவதும், பழுது கண்டால் மேலே தெரிவிப்பதும் அவர் கடமை. இரண்டாவது அடுக்கில் வட்டார அளவில் ஒரு பிட்டர்; ஏறத்தாழ நூறு பம்புகள் அவர் பொறுப்பு. மூன்றாவதாக, வண்டியும் பெரிய கருவிகளும் கொண்ட மாவட்டக் குழு. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின. அதற்குமுன் எந்த முறையும் இல்லை என்பதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றமே. எனினும் இதில் ஓர் இடைஞ்சல் இருந்தது.

அடிக்கடி பழுதானது எது தெரியுமா? கிணற்றின் அடியில், உருளைக்குள் ஏறி இறங்கும் தோல் வாஷர். கமலையில் நீர் இறைத்த காலத்தில் சாலின் தோல் தும்பி கிழிந்தால், உழவர் அன்றே அதனைத் தைத்துவிடுவார். அது அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அவருடையதாகவும் இருந்தது. மார்க் 2 பம்பிலோ சில ரூபாய் பெறும் அந்தத் தோலை மாற்றுவதற்கு, கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய் முழுவதையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். 30 மீட்டர் ஆழமென்றால் குழாயும் கம்பியும் மட்டுமே 100 கிலோவுக்கு மேல். ஊரிலிருக்கும் காப்பாளரால் அது முடியாது; வட்டார பிட்டர் ஒருவராலும் முடியாது; மாவட்டக் குழுவின் வண்டி வந்தாக வேண்டும். வண்டிக்கு டீசல் இல்லை, டிரைவர் விடுப்பில் இருக்கிறார், முந்தைய ஊரில் வேலை முடியவில்லை என்று நாட்கள் வாரங்களாகும். ஒரு சாண் தோலுக்காக 250 பேர் காத்திருந்தனர்.

1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மறுபடியும் சோதனை நடத்தினர். இம்முறை கேட்ட கேள்வியே வேறு. எவ்வளவு காலம் உடையாமல் இருக்கும் என்பதோடு, உடைந்தால் ஊராரே எவ்வளவு விரைவில் சீர் செய்ய இயலும் என்பதையும் பார்த்தனர். தோலுக்குப் பதிலாக நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வளையத்தைப் பொருத்தியபோது பழுது வெகுவாகக் குறைந்தது. குழாயைச் சற்று அகலமாக்கியதால், அடியிலுள்ள உருளையின் உட்பாகத்தைக் குழாயின் வழியாகவே மேலே இழுத்து எடுக்க முடிந்தது. குழாயை அசைக்க வேண்டியதில்லை. 'மார்க் 3' என்று அதற்குப் பெயர். அகலக் குழாயின் விலை கூடுதலாதலின் அது மார்க் 2-ஐப் போல் எங்கும் பரவவில்லை. வாங்கும் நாளில் மிச்சம் பிடித்துப் பழுது பார்க்கும் நாளில் இழப்பது சர்க்கார் இலாகாக்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நாம் சொல்லிவிட முடியாது. நம் சங்கங்களிலும் அதைக் கண்டிருக்கிறோம்.

பழுது பார்க்கும் கை ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேறு வழியிலும் வளர்ந்தது. ராஜஸ்தானத்தில் கிராமத்து இளைஞர்களையே பம்பு மிஸ்திரிகளாகப் பழக்கினர். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் பெண்களே இப்பயிற்சியைப் பெற்றனர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். பொதுக் கிணற்றில் தம் குடம் படலாகாது என்ற கட்டுப்பாட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள், ஸ்பானரும் சங்கிலியும் ஏந்தி ஊர்ப் பம்பைப் பிரித்துப் பூட்டினர். குடத்தைச் சுமப்பவள் பெண். பம்பு நின்ற அன்றே அதனை அறிகிறவளும் அவளே. பழுது பார்ப்பதையும் அவளிடமே ஒப்படைக்கலாம் என்பது எவருக்கும் அதுவரை தோன்றாதது வியப்பு.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். நம் பம்பு சென்ற சில மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் நிலத்தடி நீர் புளிப்புத் தன்மை உடையது. நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய் அந்நீரில் சில ஆண்டுகளில் அரித்துப் போயிற்று. நீர் செந்நிறமாகித் துருவாடை வீசிற்று. பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே மக்கள் அதனைக் கைவிட்டுப் பழைய ஊற்றுக்குப் போயினர். ஓரிடத்தில் நல்லதாக இருந்தது எல்லா இடத்திலும் நல்லதாக இருக்கும் என்று நம்பியதன் விளைவு அது. மலாவி, கென்யா நாடுகளில் உருவான 'ஆப்ரிடெவ்' என்னும் பம்பு இவ்வகையில் முன்னேறியது. குழாய் பிளாஸ்டிக், துருவுக்கு இடமில்லை. பெரும்பாலான பழுதுகளை ஒரே ஒரு ஸ்பானரைக் கொண்டு ஊராரே சரி செய்யலாம்.

அப்பம்பை வளர்த்தெடுத்த இடங்களுள் ஒன்று கென்யாவின் தென் கடற்கரையிலுள்ள குவாலே பிரதேசம். 1980-களில் அங்கே ஊர்தோறும் நீர்க் கமிட்டிகள் அமைந்தன. அவற்றில் பெண்கள் பெருமளவில் இடம்பெற்றனர். பொருளாளர் பதவியிலும் பல இடங்களில் பெண்களே அமர்ந்தனர். கமிட்டிக்கு வங்கியில் ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதில் ஊரார் பணம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் சங்கங்களில் பங்குத் தொகையைச் செலுத்திய பின்னரே கடன் பெறுவதைப் போன்றது இது.

பிற்காலத்தில் அக்கமிட்டிகளின் கணக்கு ஏடுகளை ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தனர். ஏடுகளை எழுதி வைத்திருந்தார்கள் என்பதே பாராட்டத்தக்கது. அவற்றில் கண்டது நமக்கும் பயன்படும். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலித்த ஊர்களில் தொடக்கத்தில் இருந்த ஊக்கம் நாளடைவில் தளர்ந்தது. பம்பு ஓடும் மாதத்தில் 'எதற்குப் பணம்?' என்பார்கள், நின்ற மாதத்தில் 'நீர் வரவில்லையே, எதற்குப் பணம்?' என்பார்கள். குழாயடியிலேயே ஒருவரை உட்காரவைத்துக் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய ஊர்களில் நிதி சேர்ந்தது. பம்பும் விரைவில் சீராயிற்று. ஆனால் அங்கே வேறொரு தீங்கு நேர்ந்தது. குடத்துக்குக் காசில்லாத ஏழைகளில் சிலர் காசு கேட்காத குட்டைக்கே திரும்பினர். நிதியைக் காப்பதா, கடைசி வீட்டைக் காப்பதா? இரண்டையும் காக்கும் விதி ஒன்றை எழுதுவது எளிதன்று. ஏழை வீடுகளின் பங்கை ஊர்ப் பொதுநிதி ஏற்பதே முறை என்பது என் கருத்து. அதற்கு முதலில் பொதுநிதி இருக்க வேண்டும்.

கென்யாவின் கிடுயி பிரதேசத்தில் 2013-ஆம் ஆண்டளவில் வேறொரு சோதனை நடந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பம்புகளின் கைப்பிடிக்குள் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தினர். கைப்பிடி அசைவதை அது எண்ணி, செல்போன் வழியாகச் செய்தி அனுப்பும். அசைவு நின்றால் பம்பு நின்றது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அதற்கு முன்னர் நின்ற பம்பு சீராவதற்குச் சராசரி 27 நாட்கள் ஆயின. பின்னர் மூன்று நாட்களுக்குள் சீராயிற்று. கருவியைப் பாராட்டலாம், ஆயினும் கருவி செய்தியைத்தான் சொல்லிற்று, பழுது பார்க்கச் சம்பளத்தோடு ஓர் ஆள் காத்திருந்ததால்தான் மூன்று நாட்களில் வேலை நடந்தது. விரைவில் சீராகும் என்ற நம்பிக்கை வந்ததும் பணம் கொடுக்க மக்கள் முன்வந்தனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் தொடர்ச்சியாக அங்கே ஏற்பட்ட பழுதுபார்ப்பு ஸ்தாபனம், தனித்தனி ஊர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மாதச் சந்தா பெற்றுப் பல ஊர்ப் பம்புகளைச் சேர்த்துப் பராமரிக்கிறது. ஓர் ஊரால் ஒரு மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுக்க இயலாது. பல ஊர்கள் சேர்ந்தால் இயலும். ஆரம்பச் சங்கங்கள் கூடி மத்தியச் சங்கம் அமைப்பதன் நியாயமும் இதுவேயன்றோ?

இத்தனைக்குப் பின்னும் ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தென்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை மகிழத்தக்கதாக இல்லை. 2009-இல் வெளியான மதிப்பீட்டின்படி அங்கே மூன்றில் ஒரு பங்குக் கைப்பம்புகள் ஓடவில்லை. 2019-இல் வெளியான ஆராய்ச்சியின்படி நான்கில் ஒரு பங்கு.

கூட்டுறவு என்ற பெயராலேயே குடிநீர் வழங்கும் நகரம் ஒன்றும் உண்டு. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் சாந்தா குருஸ் நகரில் 1979-ஆம் ஆண்டு முதல் குடிநீர் விநியோகம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்கிறது. குழாய் இணைப்புப் பெற்றவர் அனைவரும் அங்கத்தினர். அவர்கள் வட்டாரவாரியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். லத்தீன் அமெரிக்காவில் திறம்பட நடக்கும் குடிநீர் ஸ்தாபனங்களுள் ஒன்றாக அதனைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நகரத்தின் ஓரங்களில் புதிதாகக் குடியேறிய மக்களுக்கு அதன் குழாய் சென்று சேராததால், ஆங்காங்கே சிறு கூட்டுறவுகள் தோன்றின. உள்ளே இருப்பவர் வாக்களிக்கும் சங்கத்தில், வெளியே இருப்பவரின் தாகம் தானாகப் பேசப்படுவதில்லை என்ற குறையையும் மறைக்க வேண்டியதில்லை.

நீர் வருவது மட்டும் போதாது. வரும் நீர் குடிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். வங்காளதேசத்தில் குளத்து நீரால் பரவிய வயிற்று நோய்களைத் தடுக்க லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். நோய் குறைந்தது. 1993-இல் அக்கிணறுகள் சிலவற்றின் நீரில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்திருப்பது அங்கே தெரிய வந்தது. பின்னர் கோடிக்கணக்கானோர் அந்நீரைக் குடித்து வந்தனர் என்று கண்டார்கள். அது மண்ணிலேயே இயற்கையாக உள்ளது; நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு உப்பு மிகுந்த நிலத்தடி நீரால் பற்களும் எலும்புகளும் கெட்டதையும், அதற்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியதையும் அங்கத்தினர் அறிவர். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இயலாத கேட்டைச் சோதனையால்தான் அறிய முடியும்.

இப்போது நம் ஊர்களில் அடிபம்பின் இடத்தை மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக் குழாயும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டு விதிகளில், ஊருக்குள் அமையும் வேலைகளின் மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கை ஊரார் அளிக்க வேண்டும், மலைப்பகுதி முதலிய இடங்களிலும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மிகுந்த ஊர்களிலும் இருபதில் ஒரு பங்கு போதும் என்று இருக்கிறது. ஊர்தோறும் குடிநீர்க் குழு ஒன்று, அதில் பாதிப் பேர் பெண்கள்; ஊரில் ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதிக்கும் பயிற்சி என்றும் விதித்திருக்கிறார்கள். ஏட்டில் இவை நல்ல விதிகள். மோட்டார் எரிந்தால், அடிபம்பின் தோல் வாஷர் தேய்ந்தபோது எழுந்த அதே கேள்விதான் எழும். பழைய பம்பில் 250 பேர் காத்திருந்தனர். இப்போது ஒரு மோட்டாருக்கு ஊர் முழுவதும் காத்திருக்கும்.

நம் சங்கங்களில் லாபம் கண்டால், சேமநிதிக்கு உரிய பகுதியை ஒதுக்கிய பின்னரே அங்கத்தினருக்கு ஈவு வழங்குகிறோம். தறிக்கும் கட்டிடத்துக்கும் தேய்மானம் எழுதுகிறோம். குடிநீருக்கு அவ்வாறு எழுதும் ஊர் எத்தனை? ஒரு பேச்சுக்குச் சொல்வோம்: ஐம்பது வீடுகள், வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஆகிறது. தொகை பெரிதன்று. அதனை வேறு செலவுக்குத் தொடாமல் வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு வேண்டும். ரசீதும் தணிக்கையும் வேண்டும். இவற்றில் பழகியவர்கள் ஊரில் வேறு எவரையும்விட நம் சங்கத்தின் இயக்குநர்களும் காரியதரிசிகளுமே. ஊர்க் குடிநீர்க் குழுவில் அவர்களுள் ஒருவராவது இடம்பெறுவது நலம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் என்று வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று உலக நீர் நாளாகிய மார்ச் 22-இல் கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்படும்போது, குடிநீர்ப் பராமரிப்புக்கு எவ்வளவு இருக்கிறது, மாற்று மோட்டார் உண்டா, சென்ற ஆண்டு நீர் எந்தெந்த மாதத்தில் சோதிக்கப்பட்டது என்று அங்கே எவரும் எழுந்து கேட்கலாம்.